தரையில் ஒரு சத்தம் காணோம்

அந்த வீட்டில் பூட்டு உடைபடவில்லை. நகை அப்படியே இருந்தது. பணமும் இருந்தது. காணாமல் போயிருந்தது ஒரே ஒரு சத்தம்.

"கிறீச்சுன்னு ஒரு சத்தம்மா," என்றாள் ஹாஜிரா பீ. "இந்த ரூம் வாசல்ல இருக்கிற பலகை. யார் கால் வெச்சாலும் கத்தும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து கத்திக்கிட்டிருந்துச்சு. இப்போ கத்தல."

அவள் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டிய வயது. கண் அழுத்த நோயில் இரண்டு பார்வையும் போய்ப் பன்னிரண்டு வருஷம். பேசும்போது முகம் மட்டும் குரல் வந்த பக்கம் சரியாகத் திரும்பியது.

தேசம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். மெரினா மணலோரத்து நொச்சிக்குப்பத்தில் பிறந்து, போலீஸில் ஏட்டாக இருந்து, வேலையை விட்டுவிட்டு, இப்போது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருப்பவள். அவளுக்குப் பின்னால் நின்ற கிச்சா அவளுடைய உதவியாளன். மாடவீதிக்காரன். நாற்பது வயதாகியும் வாயை மூடிக்கொள்ளப் பழகாதவன்.

"மேடம், வீட்ல சத்தம் தாங்கலைன்னு வந்தவா உண்டு. சத்தம் காணோம்னு கூப்பிட்ட முதல் பார்ட்டி இவங்கதான்."

"கம்முனு இரு கிச்சா."

"அவர்கிட்ட கேட்டேன்," ஹாஜிரா பீ தொடர்ந்தாள். அவர் என்றால் கணவர் ஷரஃபுதீன். தையல் மெஷின் ரிப்பேர்க் கடை வைத்திருந்து, கடையை விற்றுவிட்டு ஓய்ந்தவர். "'அதே பலகைதான், நீயா நினைச்சுக்கிறே'ன்னாரு. மறுநாளும் கேட்டேன். சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் கேக்கறதில்ல. ராத்திரி தனியா எந்திரிச்சு வந்து கால் வெச்சுப் பாப்பேன். பள்ளம் அதே பள்ளம். கட்டைவிரல்ல தட்டுற ஆணி அதே ஆணி. சத்தம் மட்டும் இல்ல." அவள் குரல் தணிந்தது. "கண்ணு போயிடுச்சு. அதைத் தாங்கிட்டேன். புத்தியும் போகுதாம்மா? அது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க."

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில், மாடி முழுவதும் பர்மா தேக்குப் பலகை போட்ட பழைய வீடு அது. வருஷங்களைக் குடித்துக் குடித்துத் தரை டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. அறை வாசலில் இருந்த ஒரு பலகை மட்டும் பிஸ்கட் நிறம்.

அதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. மாடிப்படி ஏறி வந்ததுமே கிச்சாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க புத்தி நல்லாத்தான் கீது," என்றாள் தேசம்மா. "பலகை வேற. கண்ணு இருக்கிற யாருக்கும் வாசல்லேர்ந்தே தெரியும்."

ஹாஜிரா பீ நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவள் முகம் மாறியது.

"அப்படின்னா அவருக்கும் தெரியும்."

 ஒரு பயத்தை அவளிடமிருந்து எடுத்த கையோடு இன்னொரு பயத்தைக் கொடுத்துவிட்டோம் என்று தேசம்மாவுக்குப் புரிந்தது.

"கிச்சா, செருப்பு இல்லாமத்தானே நிக்கிற? கண்ணை மூடிக்கினு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நட. புதுப் பலகை எதுன்னு சொல்லு."

கிச்சா நடந்தான். பாதத்தால் தடவித் தடவித் திரும்பி வந்தான். "தெரியல மேடம். எல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு நடுவுல குழிஞ்சிருக்கு."

"புதுசா போட்ட பலகையில குழி எப்படி வந்துச்சு?"

கிச்சா கண்ணைத் திறந்தான்.

"இழைச்சு வெச்சுக்கீறாங்க," என்று தேசம்மா தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் இடுக்கில் நுழைந்தது. "இந்த ஆணியைப் பாரு. கீழ உத்தரம் இந்தப் பக்கம் ஓடுது. ஆணி அதுக்கு வெளிய கீது. எதையும் புடிக்கல. சும்மா விரல்ல தட்டணும்னே அடிச்ச ஆணி." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "தரையில ஒட்டுப் போடுற யாரும் கண்ணுக்குத்தான் பொருத்தம் பார்ப்பான். இத்தப் போட்டவன் காலுக்குப் பொருத்தம் பார்த்துக்கீறான். ஒரே ஒரு ஆளோட காலுக்கு."

"எப்போ மாத்தியிருப்பாங்க?" என்று ஹாஜிரா பீயே கேட்டு, அவளே பதிலும் சொன்னாள். "நான் வாணியம்பாடிக்குப் போயிருந்தப்போதான். எம் பொண்ணு சாய்மா வீட்டுக்கு. திரும்பி வந்தப்பதான் சத்தம் இல்ல."

"வேற ஏதாவது மாறியிருக்கா?"

அவள் தயங்கினாள். பிறகு, வெகு நாளாக உள்ளே வைத்துப் பூட்டியதைத் திறப்பவள் போல வரிசையாகச் சொன்னாள். குறட்டை வருகிறது என்று அவர் தன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். தினமும் காலையில் மெரினாவுக்கு வாக்கிங் என்று போய், வெயில் ஏறித்தான் வருகிறார். வாணியம்பாடிக்குப் போவதற்கு முன் கொஞ்ச நாள் இந்த வாசலில் பவுடர் வாசனை அடித்தது.

"பவுடரா?" கிச்சாவின் புருவம் உயர்ந்தது.

"பொம்பளைங்க போடுற பவுடர். எங்க வீட்ல யாரும் போடறதில்ல." அவள் விரல்கள் முந்தானையைச் சுருட்டின. "போன வாரம் போன்ல சாய்மாகிட்ட சொல்லிட்டிருந்தாரு. 'அம்மாவை நீ அங்கேயே வெச்சுக்கோ'ன்னு. நான் தூங்கறேன்னு நினைச்சுட்டாரு. வேற யாராவது இருந்தா சொல்லிடுங்கம்மா. நான் சண்டை போட மாட்டேன். எங்கே போகணுமோ அங்கே போயிடறேன்."

தேசம்மா குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். "பீச்சுக்குப் போய்ட்டு வர்றாரே, தரையில மணல் நறநறன்னு காலுல படுமா?"

ஹாஜிரா பீ யோசித்தாள். "இல்லியே. ஒரு நாளும் பட்டதில்ல."

"எங்க வூட்ல மாதா படத்துக்குப் பின்னாடி கூட மணல் கீது," என்றாள் தேசம்மா.

புறப்படும் முன் அவள் பலகையின் பக்கவாட்டை இன்னொரு தடவை டார்ச்சால் பார்த்தாள். உள் விளிம்பில் பச்சைப் பெயின்ட்டின் மிச்சம். அதையொட்டிக் கீல் பதித்த வெட்டு.

"இது கதவா வேலை பார்த்துட்டுத் தரையா ரிட்டயர் ஆனது மேடம்," என்றான் கிச்சா.

"அப்போ இடிச்ச வூட்டு மரம். ராயப்பேட்டைக்கு வுடு."

இறங்கும்போது மரப்படி ஒவ்வொன்றும் அலறியது. கடைசிப் படியருகே மூன்று பூனைகள் நகரக்கூட மனமில்லாமல் படுத்திருந்தன.

"மேடம், இந்தப் பூனைகளைப் பாருங்கோ. தினம் கல்யாண விருந்துக்குப் போற மாதிரி இருக்கு."

தேசம்மா பூனைகளைப் பார்த்தாள். படியைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்கூட்டரில் ஏறினாள்.

ராயப்பேட்டையில் இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், தூண் எல்லாம் சாய்த்து வைத்து விற்கும் கடை அது. வாசலில் இழைப்புளியோடு உட்கார்ந்திருந்த தச்சன் நதீமிடம் தேசம்மா விஷயத்தைச் சொன்னதும், அவன் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அந்த பாயா? அவர மறக்க முடியுமாக்கா? இருக்கிற பலகையெல்லாம் எடுத்து ரெண்டு செங்கல் மேல போடச் சொல்லி, செருப்பைக் கழட்டிட்டு, கண்ணை மூடிக்கினு நடந்து பார்த்தாரு. ரோட்ல போறவன்லாம் நின்னு பார்த்தான். நான் பாட்டுக்குக் கலர் மேட்ச் பண்ணி பாலீஷ் போட்டுத் தர்றேன்னேன். கலரு வேணாம்னுட்டாரு."

"வேற இன்னா கேட்டாரு?"

"சத்தமே வரக்கூடாதுன்னாரு. கீழ ரப்பர் வெச்சு ஸ்குரு போடச் சொன்னாரு. நடுவுல இவ்ளோ குழி வேணும்னு கையாலயே காட்டினாரு. நான் இழைச்சா தடவிப் பார்ப்பாரு, பத்தலம்பாரு. அப்புறம் ஒரு ஆணி. எதுக்கு பாய்னு கேட்டா, 'அது இல்லேன்னா அவ தடுமாறுவா'ன்னாரு. பழைய பலகைக்கே முதல்ல வைத்தியம் பண்ணிப் பார்த்துக்கீறாரு. இடுக்குல பவுடர் கொட்டினா சத்தம் நிக்கும்னு எவனோ சொல்லிக்கீறான். டப்பா டப்பாவா கொட்டினாராம். நிக்கலையாம்."

கிச்சா தேசம்மாவின் பக்கம் திரும்பினான். பவுடர் பூசிய பெண் ஒருத்தி அந்த இடத்திலேயே காணாமல் போனாள். ஆனால் அவன் விடவில்லை.

"பவுடர் போகட்டும் மேடம். கதவுப் பக்கம் சத்தம் வரக்கூடாதுன்னா ராத்திரி நைஸா படியிறங்கிப் போறதுக்குத்தானே?"

"படியிறங்கிப் போறவன் படியை வுட்டுடுவானா? அந்தப் படி நீ கால் வெச்சதும் ஊரக் கூட்டுச்சு. அத்தத் தொடவேயில்ல. அவரு கீழ போகல கிச்சா. அந்த வாசலுக்கு வெளிய படியைத் தவிர வேற இன்னா கீது?"

கிச்சா மனசுக்குள் அந்த மாடியை வரைந்தான். "பாத்ரூம்."

"ராத்திரி பாத்ரூம் போறத பொண்டாட்டிகிட்ட மறைக்கிறவன் யாரு? சமைச்சுப் போட்ட சோத்தப் பூனைக்குப் போடுறவன் யாரு?"

"உடம்புக்கு முடியாதவர்," என்றான் கிச்சா. 

தேசம்மா நதீமிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். "பலகையை மாட்ட எப்போ வரச் சொன்னாரு?"

"மத்தியானத்துக்கு மேலதான்க்கா. காலைல அடையாறுல வேலை கீதுன்னாரு. தினம் போவணுமாம்."

ஸ்கூட்டர் சாந்தோமைக் கடந்து, பட்டினப்பாக்கத்தைக் கடந்து, அடையாறு பாலத்தில் ஏறியது. அடையாற்றுக்குத் தினமும் போக வைக்கும் ஆஸ்பத்திரி எது என்று இருவருக்கும் தெரியும்.

புற்றுநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில் மர நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் வெள்ளைத் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர். கையில் இளநீர். ஸ்ட்ராவை வாயில் வைப்பார், எடுப்பார். கழுத்தின் கீழே, சட்டைப் பித்தானுக்கு மேல், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மையால் போட்ட கோடு ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஷரஃபுதீன் பாய்," என்றாள் தேசம்மா. "உங்க வூட்டம்மா அனுப்பினாங்க."

இளநீர் அவர் மடியில் சாய்ந்தது. "அவளுக்குத் தெரியுமா?"

"பலகை மாறினது தெரியும். ஏன்னுதான் தெரியாது."

அவர் கைக்குட்டையால் வேட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும். பிறகு மெதுவாகச் சொன்னார். உணவுக்குழாயில் வந்திருக்கிறது. பார்க்கும்போதே முற்றிவிட்டது. இப்போது செய்வதெல்லாம் வலி குறையத்தான் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். சோறு இறங்குவதில்லை. ராத்திரியில் குமட்டிக்கொண்டு எழுவார்.

"எழுந்து ஓடுறப்போ அந்தப் பலகை கத்தும். உடனே அவ கேப்பா, 'ஏங்க, என்ன ஆச்சு'ன்னு. ஒரு தடவை கேட்டா பொய் சொல்லிடலாம். ஒவ்வொரு ராத்திரியும் விடிய விடிய கேட்டா என்ன சொல்றது? அதான் மாத்தினேன். கால் தடுக்கிட்டா விழுந்துடுவாளேன்னு குழி, ஆணி எல்லாம் அப்படியே வெச்சேன்."

"கலரைப் பத்திக் கவலைப்படல."

"அவ பாக்கப்போறதில்லியே." அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே கூசினார். "சாப்பாட்டு நேரத்துல அவ எதிர்ல உட்காருவா. நான் சப்புக்கொட்டுவேன். 'இன்னிக்கு உப்பு சரியா இருக்கு'ம்பேன். வாயில வெக்காமலே. அப்புறம் அவ பாத்திரம் கழுவற நேரத்துல கீழ போய்ப் பூனைக்குப் போட்டுருவேன்."

கிச்சா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாமே பாய்?"

"கண்ணு போனப்போ அவ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாம்மா. சாய்மா கல்யாணத்துல கூடச் சிரிக்கல. பேரன் பொறந்த பிறகுதான் திரும்பச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டே போயிடலாம்னு பார்த்தேன். நான் போறதுக்குள்ள அவளைப் பொண்ணு வீட்ல சேர்த்துட்டா, அப்புறமா தெரிஞ்சுக்கட்டும். நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு சொல்லிடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் உண்மையிலேயே கைகளைக் கூப்பினார். தேசம்மா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பாய், அவங்க சிரிக்கல."

"என்ன?"

"நீங்க கேக்குற அந்தச் சிரிப்பு இப்போ அங்க இல்ல. பலகை அதேதான்னு நீங்க சொன்ன நாள்லேர்ந்து அவங்க பயந்துக்கினு கீறாங்க. ராத்திரி நீங்க தூங்கின பிறகு எந்திரிச்சு வந்து, அந்தப் பலகை மேல நின்னு நின்னு பார்த்துக்கினு கீறாங்க, புத்தி பேதலிச்சிடுச்சான்னு. இன்னிக்குக் காலைலதான் அந்தப் பயம் போச்சு. இப்போ வேற பயம். தன்னை எங்கயாவது தள்ளிவிட்டுட்டு நீங்க வேற யாரோடயோ போகப்போறீங்கன்னு உட்கார்ந்துக்கினு கீறாங்க. சண்டை போட மாட்டாங்களாம். எங்க போகச் சொன்னாலும் போறாங்களாம்."

ஷரஃபுதீன் அவளையே பார்த்தார்.  தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் அவளைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன்," என்றார் கடைசியில்.

"நான் சொல்ல மாட்டேன் பாய். நீங்க சொல்லணும். ஆனா இன்னிக்கே சொல்லணும். வாங்க."

ஆட்டோவில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேசம்மா வந்தாள். கிச்சா ஸ்கூட்டரில் பின்னால் வந்தான்.  சந்து முனையில் இறங்கியதும் அவர், "கொஞ்சம் இருங்க," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

படியில் மூன்று பேர் ஏறும் சத்தம் கேட்டு ஹாஜிரா பீ எழுந்து நின்றாள். துணிப்பை ஒன்று கட்டில் மேல் தயாராக இருந்தது. மாற்றுப் புடவைகள், தஸ்பீஹ் மணிமாலை, பேரனின் சின்னச் சட்டை ஒன்று. வாணியம்பாடிக்குப் போக அவளே எடுத்து வைத்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் ஷரஃபுதீன் அவள் காலடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பது வாசலுக்கு வெளியே நின்ற தேசம்மாவுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. ஆஸ்பத்திரி என்று கேட்டது. முற்றிடுச்சு என்று கேட்டது. 

ஹாஜிரா பீ கையை நீட்டித் தேடி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை மேலே நகர்ந்தது. கைக்கடிகாரமும் கூடவே நகர்ந்து, தடையில்லாமல் முழங்கை வரை ஏறியது.

"யா அல்லா," என்றாள். "எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா என் எதிர்ல பட்டினியா உட்கார்ந்திருந்தீங்களா? உப்பு சரியா இருக்குன்னு சொல்லிக்கிட்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற ஒருத்தி இருக்கணும்னு இப்போ வேண்டிக்கத் தோணுதுங்க," என்று அவள் உடைந்தாள். "இருந்திருந்தா நல்லாயிருப்பீங்களே. எங்கேயாவது நல்லாயிருப்பீங்களே." பிறகு அவர் தோளில் கையால் அடித்தாள், பலமில்லாத அடி. "இன்னும் எவ்வளவு நாள்னு டாக்டர் சொன்னாரு? சொல்லாதீங்க. வேணாம். அதுல மூணு மாசத்தை நீங்களே எடுத்துக்கிட்டீங்களே. எனக்குத் தராம நீங்களே வெச்சுக்கிட்டீங்களே. அதை நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

கிச்சா படியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகலாம் என்று தேசம்மா கண்ணைக் காட்டினாள்.

அப்போது ஷரஃபுதீன் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டி, அவர்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினார். பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தக் கை போனது.

"சாத்தாதீங்க!"

ஹாஜிரா பீ சுவரைத் தொடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. குமட்டும் சத்தம் வந்த திசையில் நேராக நடந்து போனாள். குனிந்திருந்தவரின் பக்கத்தில் நின்று, ஒரு கையை முதுகில் வைத்து, இன்னொரு கையால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா வரட்டும்," என்றாள். கண்ணீர் அவள் முகவாயிலிருந்து அவர் பிடரியில் சொட்டியது. "சத்தம் வந்தா வரட்டுங்க. நான் புடிச்சிருக்கேன்."